கடலோரக் குன்றில் ஒரு குடும்ப வீடு

வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்பது நம் நாட்டுப் பழமொழி. சமவெளியில் வீடு கட்டுவோர்க்கே இந்த எச்சரிக்கை என்றால், குன்றின் சரிவில், அதுவும் உப்புக்காற்று ஓயாது வீசும் இடத்தில் கட்டுவோர்க்கு எத்துணை எச்சரிக்கை வேண்டும்!

விசாகப்பட்டினத்தில் பயிலும் நமக்கு இக்காட்சி புதிதன்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகள் இங்கே கடலருகில் வந்து நிற்கின்றன. வடக்கே கைலாசகிரி, தெற்கே டால்பின் மூக்கு. நம்முள் சிலர் படிப்பு முடிந்தபின் இந்நகரிலேயே வேலையில் அமர்வர். ஊரிலுள்ள பெற்றோரையும் அழைத்து வந்து நிலையாகத் தங்க எண்ணுவர். கட்டடப் பொறியியல் பயில்வோர் பிறர்க்கு வீடு வரைந்து கொடுப்பர். இரு சாராரும் அறியவேண்டிய அடிப்படைகளை இங்கே காண்போம்.

முதலில் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். சமவெளியில் வீடு வரைவோர் அறைகளிலிருந்து தொடங்கலாம். சரிவில் வரைவோர் நீரிலிருந்து தொடங்க வேண்டும். மழைநீர் எங்கிருந்து வரும், எவ்வழியே போகும், யார் வீட்டில் போய் விழும் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை தெரியாமல் ஒரு கல்லும் நடுதல் ஆகாது.

1. மனையை அறிதல்

கடற்கரையை ஒட்டிய மனையாயின் முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991-இல் முதன்முதல் அறிவிக்கப்பட்டு, 2011-இலும் 2019-இலும் புதுப்பிக்கப்பட்டன. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் பொதுவாக இவ்விதிகளுக்குள் வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம்.

அடுத்து, மனையை ஒரு மழைக்காலம் முழுவதும் பார்த்துவிட்டு வரைபடம் போடுவது சிறந்தது. இக்குன்றுகளில் மிகுதியாகக் காணப்படுவது கோண்டலைட்டு என்னும் பாறை. கோண்டு பழங்குடியினரின் பெயரால் அமைந்த பெயர் இது. புதிதாக வெட்டிய இடத்தில் உறுதியாகத் தோன்றினும், வெயிலும் மழையும் பட்டுப்பட்டு இப்பாறை சிதைந்து செம்மண்ணாகும் இயல்புடையது. எனவே ஓரிடத்தில் பாறை தெரிகிறது என்று மனை முழுவதும் பாறை என நம்புதல் கூடாது. வீட்டின் நான்கு மூலைகளிலேனும் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். பிறர் கொட்டி மேடாக்கிய மண்ணா, குன்றின் சொந்த மண்ணா என்பதையும் அக்குழிகளே காட்டிவிடும்.

2. வெட்டலும் நிரப்பலும்

சம உயரமுள்ள இடங்களை இணைத்து வரையும் கோட்டைச் சமவுயரக் கோடு என்பர். வீட்டின் நீளம் இக்கோட்டோடு ஒத்துச் செல்ல வேண்டும். நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில், 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள வீட்டைக் கட்டுகிறோம் என்று கொள்வோம். நீளம் சமவுயரக் கோட்டோடு சென்றால் வீட்டுக்கடியில் தரையின் இறக்கம் ஒன்றரை மீட்டர். அதே வீட்டைக் குறுக்கே திருப்பினால் இறக்கம் மூன்று மீட்டர். வெட்டும் மண்ணும் சுவரின் உயரமும் செலவும் அதற்கேற்பப் பெருகும்.

மேற்பக்கம் மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கம் நிரப்பிச் சமதளம் செய்வது எங்கும் காணும் வழக்கம். அதில் ஒரு கேடு உண்டு. வெட்டிய பகுதி இறுகிய தரை. நிரப்பிய பகுதி ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அமிழும் தரை. இரண்டிலும் ஒரே வீடு கால் வைத்தால், இரண்டும் சேருமிடத்தில் சுவர் வெடிக்கும். எனவே நிரப்பு மண் எவ்வளவு ஆழமாயினும், கடைக்கால் அதைத் துளைத்துக் குன்றின் சொந்தத் தரையில் இறங்க வேண்டும். வானம் தோண்டும்போது அடித்தளத்தைச் சரிவாக விடாமல் படிப்படியாக, ஒவ்வொரு படியும் ரசமட்டத்திற்குச் சமமாக இருக்குமாறு வெட்டுதல் வேண்டும்.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர், நாலாஞ்சிறையில் ஒரு பாறைச்சரிவில்தான் தம் வீட்டை அமைத்தார். குன்றைத் தட்டையாக்காமல், பாறையும் மரமும் நின்ற இடங்களுக்கேற்ப அறைகளை ஏற்றியும் இறக்கியும் வைத்தார். குன்றின் போக்குக்கு வீடு இணங்கினால் செலவும் குறையும், அழகும் கூடும் என்பதற்கு அவ்வீடு சான்றாகும்.

3. தடுப்புச் சுவரும் அதன் பின்னுள்ள நீரும்

சரிவில் கட்டும் வீட்டின் உயிர்நிலை தடுப்புச் சுவர். அது பெரும்பாலும் மண்ணின் பாரத்தால் மட்டும் சாய்வதில்லை. நீர் சேரும்போதுதான் சாய்கிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூன்று மீட்டர் உயரமுள்ள சுவர். பின்னால் மணற்பாங்கான, ஈரம் வடிந்த மண். ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அம்மண் சுவரைத் தள்ளும் விசை ஏறத்தாழ இரண்டரை டன். அதே மண்ணில் மேல்மட்டம் வரை நீர் நின்றால், விசை ஐந்தரை டன்னுக்கு மேல் போகும். சுவர் அதே சுவர்தான். ஓர் இரவு மழையில் அதன் பாரம் இரு மடங்குக்கு மேலாகிவிட்டது. உயரத்தின் விளைவும் கருதத்தக்கது. உயரம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. சுவரைக் கவிழ்க்கும் திருப்புமை எட்டு மடங்கு.

இதிலிருந்து செயல்முறைகள் தாமே விளங்கும். சுவரின் பின்புறம் சுமார் 30 செண்டிமீட்டர் அகலத்திற்கு உடைகல் அடுக்க வேண்டும். அடியில் துளையிட்ட குழாய் பதித்து நீரை வெளியே கொண்டுவர வேண்டும். சுவரிலும் மீட்டருக்கொன்றாகக் கசிவுத் துளைகள் விடவேண்டும். சுவருக்கு மேலே, மலைநீரை மனைக்குள் விடாது மடக்கும் வடிகால் ஒன்று தேவை. மூன்று மீட்டரில் ஒரே சுவர் எழுப்புவதினும், ஒன்றரை மீட்டரில் இரு சுவர்களைப் படியாக அமைப்பது நன்று. ஆனால் மேற்சுவர், கீழ்ச்சுவரின் உயரத்தைப்போல் இரு மடங்கேனும் பின்தள்ளி நிற்க வேண்டும்; இல்லையேல் அதன் பாரமும் கீழ்ச்சுவரின் தோளில் ஏறிவிடும். எவ்வாறாயினும் இச்சுவரின் கணக்கைத் தகுதிபெற்ற பொறியாளர் போட்டுத் தரவேண்டும். கொத்தனாரின் கைமதிப்பு இங்கே போதாது.

கழிவுநீர்த் தொட்டியையும் உறிஞ்சுகுழியையும் தடுப்புச் சுவருக்கு மேற்புறம் வைப்பது பலர் செய்யும் பிழை. மழையில்லாத நாளிலும் அது மண்ணை நனைத்துக்கொண்டே இருக்கும்.

இவை வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 2025 ஏப்ரல் 30 அன்று, நம் நகரையடுத்த சிம்மாசலக் குன்றில், பெருமழைக்குப் பின் ஒரு சுவர் சரிந்து, விழாவுக்கு வரிசையில் நின்ற அடியார்கள் உயிரிழந்தனர். சுவரும் நீரும் பற்றிய பாடம் உயிர்ப் பாடம் என்பதை அந்நாள் நமக்குச் சொல்லிற்று.

சரிவின் மண்ணைப் பிடித்துவைக்கும் பயிர்களுள் வெட்டிவேர் தலைசிறந்தது. அதன் வேர் பக்கவாட்டில் படராமல் மூன்று மீட்டர் வரையிலும் நேர்கீழாக இறங்கவல்லது. உலகெங்கும் மண்ணரிப்பைத் தடுக்க இதனை நடுகின்றனர். ஆங்கிலத்தில் இப்புல்லுக்கு வழங்கும் பெயரே நம் தமிழ்ச்சொல்லின் திரிபு என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

4. காற்று

2014 அக்டோபர் 12 அன்று ஹூட்ஹூட் புயல் இந்நகரின்மீது கரையேறியது. மணிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகம். அதாவது நொடிக்கு 50 மீட்டர். இந்தியத் தர நிறுவனத்தின் காற்று வரைபடம் விசாகப்பட்டினத்துக்கு வகுத்துள்ள அடிப்படை வேகமும் இதுவே.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நொடிக்கு 25 மீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 38 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பாக அழுத்தும். 50 மீட்டர் காற்று சுமார் 150 கிலோகிராம். குன்றின்மேல் ஏறும் காற்று மேலும் விரையும். ஆதலால் தர விதி, குன்றின் வடிவத்தையொட்டி வேகத்தை 1.36 மடங்கு வரை கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. அந்த எல்லையில் அழுத்தம் ஏறத்தாழ 280 கிலோகிராம் ஆகும்.

கூரையின்மேல் ஓடும் காற்று அதை மேல்நோக்கி இழுக்கும். தகரக் கூரையின் எடை சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவும் இராது. பறந்து போவதில் வியப்பென்ன? பத்து செண்டிமீட்டர் கான்கிரீட்டுத் தளம் சுமார் 250 கிலோகிராம் இருக்கும். தகரமோ ஓடோ போடுவோர், கூரைச் சட்டத்தைச் சுவரோடும், சுவரைக் கடைக்காலோடும் இரும்பால் பிணைக்க வேண்டும். கடலைப் பார்த்த சாளரங்கள் பெரியனவாக இருக்கலாம். ஆனால் அடைக்கத்தக்க உறுதியான கதவுகள் அவற்றுக்கு வேண்டும். ஒரு கண்ணாடி உடைந்து காற்று உள்ளே புகுந்தால், அது கூரையை உள்ளிருந்தும் தள்ளும்.

5. உப்பு

புயல் ஒருநாள் வரும். உப்போ நாள்தோறும் வரும். உப்பு கலந்த ஈரம் கான்கிரீட்டின் வழியே கசிந்து கம்பியை அடைந்தால் கம்பி துருவேறும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கொள்ளும். அதனால் மேற்பூச்சும் கான்கிரீட்டும் வெடித்து உதிரும்.

இதற்கு மருந்து, கட்டும்போதே இடவேண்டும். 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி, கடற்கரைச் சூழலில் நிற்கும் கான்கிரீட்டுக்கு எம் 30 தரமும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடுகனமும், சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மேற்படாத நீரும் வேண்டுமென்கிறது. 50 கிலோ மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர் நீர் என்பது கணக்கு. கலவை இளகவேண்டுமென்று வேலையாட்கள் மேலும் ஒரு வாளி ஊற்றுவதைத் தடுப்பதே வீட்டுக்காரரின் முதற் கடமை. கழுவாத கடல்மணலும் உவர்நீரும் கலவையில் சேரவே கூடாது.

பின்னொரு நாள் மாடி எழுப்பலாமென்று தூண்கம்பிகளை வெளியே நீட்டி விட்டுவிடும் வழக்கம் நம் நாடெங்கும் உண்டு. கடலோரத்தில் அக்கம்பிகள் சில ஆண்டுகளில் இளைத்துப் போகும். மெலிந்த கான்கிரீட்டால் அவற்றை மூடிவைத்தால் வேண்டும்போது உடைத்துப் பயன்படுத்தலாம்.

6. முப்பது ஆண்டுக்கு அப்பால்

குடும்ப வீடு இன்றைய வயதுக்கு மட்டும் கட்டுவதன்று. நமக்கு இன்று வயது இருபது; பெற்றோர்க்கு ஐம்பது. வீட்டுக்கு முப்பது வயதாகும்போது அவர்களுக்கு எண்பதைத் தாண்டும். சாலைக்கு ஆறு மீட்டர் கீழே வீடு இருந்தால், 15 செண்டிமீட்டர் படியாக நாற்பது படிகள். நிறைந்த எரிவாயு உருளை ஒன்று ஏறத்தாழ 30 கிலோ எடை. அதைச் சுமந்து இறங்குவது யார்? நோயுற்றவரைத் தூக்கி ஏறுவது யார்?

எனவே சாலை மட்டத்தில் ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை ஆகிய மூன்றும் அமைதல் வேண்டும். இளையோரின் அறைகள் மேலோ கீழோ போகட்டும். பணம் குறைவாயின் அறைகளைப் பின்னர்க் கூட்டிக்கொள்ளலாம். கடைக்காலையும் வடிகாலையும் தடுப்புச் சுவரையும் மட்டும் தவணையில் கட்டுதல் ஆகாது. மண்ணுக்குள் மறையும் குழாய்கள், வடிகால்கள் ஆகியவற்றின் வரைபடம் ஒன்றை வீட்டுப் பத்திரத்தோடு வைக்க வேண்டும். ஜூன் மாத மழைக்கு முன்னும், அக்டோபர்ப் புயற்காலத்துக்கு முன்னும் கசிவுத் துளைகளைக் குத்தி அடைப்பு நீக்குவது, பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுபோல் குடும்ப வழக்கமாக வேண்டும்.

இறுதியாக ஒன்று. 100 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் நீர் விழும். அதைத் தொட்டியில் சேர்த்தால் நமக்குக் குடிநீர். மிகுந்ததை வடிகாலில் விட்டால் ஊருக்கு நன்மை. கவனியாது சரிவில் விட்டால் கீழ்வீட்டுச் சுவருக்கு எமன். குன்றில் எந்த வீடும் தனி வீடன்று. மேலே இருப்பவரின் வடிகால்தான் கீழே இருப்பவரின் காவல். கீழேயும் ஒரு தாய் தந்தையர் உறங்குகின்றனர் என்ற நினைவோடு கோடு கிழிப்பவரே நல்ல பொறியாளர். அவ்வாறு கட்டிய வீடே மூன்று தலைமுறைக்கு நிற்கும்.