விசில் அடிக்காத குக்கர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம். கார், பைக், லாரி, டயர் என்று தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் வட்டாரம். அங்கே ஷிஃப்ட் வேலை பார்க்கும் பலர் படப்பையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வாடகை அறைகளில் தங்கியிருக்கிறார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்கு, அடுப்பின் பக்கத்திலேயே நிற்காமல் பருப்பும் சோறும் வெந்து கிடைத்தால் அது பெரிய உதவி. எலக்ட்ரிக் பிரஷர் குக்கரைப் பலர் விசாரிப்பது இதற்காகத்தான். ஆனால் அதைப் பற்றிக் கடையிலும் அறையிலும் புழங்கும் பேச்சில் பாதி தவறானது. அதை நம்பினால் காசு வீணாகும். சில சமயம் கையும் வெந்துபோகும்.

"எலக்ட்ரிக் குக்கர்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்பது முதல் தவறு. நம் ஊர்க் கடைகளில் எலக்ட்ரிக் குக்கர் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்து வைப்பது ரைஸ் குக்கரைத்தான். கண்ணாடி மூடி போட்டிருக்கும், மூடியைத் திருகிப் பூட்டும் அமைப்பு இருக்காது. அதில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அதற்கு மேல் போகாது. தண்ணீர் வற்றியதும் பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டும், உடனே சுவிட்ச் 'டக்'கென்று விழும். சோற்றுக்கு இது போதும். துவரம்பருப்பையும் கொண்டைக்கடலையையும் அதில் போட்டால் பொங்கி வழியும், வேகவும் நேரம் பிடிக்கும். பிரஷர் குக்கரில் மூடிக்குள் ரப்பர் வளையம், திருகினால் விழும் பூட்டு, மூடியின் மேல் பொத்தான் போன்ற ஒரு சின்ன ஊசி ஆகிய மூன்றும் இருக்கும். உள்ளே அழுத்தம் ஏறுவதால் சூடு 115 டிகிரிவாக்கில் நிற்கும். நீங்கள் வடித்த சோறும் கடைக் குழம்புமாகச் சாப்பிடுகிறவர் என்றால் ரைஸ் குக்கரே போதும், கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது, அறைக்கு அறை கேட்கும் பேச்சு: "கரண்டில் சமைத்தால் பில் எகிறிவிடும்." இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

1000 வாட் குக்கர் என்றால் ஒரு மணி நேரம் விடாமல் இழுத்தால் ஒரு யூனிட். ஆனால் அது விடாமல் இழுப்பதில்லை. அழுத்தம் ஏறும் வரைதான் முழு மின்சாரம் போகும். அதன் பிறகு சூடு குறையும்போது மட்டும் கொஞ்சம் இழுக்கும். சுற்றிலும் மூடிய உடம்பு என்பதால் சூடு வெளியே அதிகம் போவதில்லை. மூன்று பேருக்கான பருப்பு வேக ஏறக்குறைய கால் யூனிட் செலவாகும்.

இனி காஸ். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் எரிசக்தி சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அடுப்பில் எரியும்போது அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாத்திரத்தைச் சுற்றிக் காற்றோடு போய்விடும். இந்த விரயத்தைக் கழித்துப் பார்த்தால், ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் 125 யூனிட்வாக்கில் செய்துவிடும். சிலிண்டர் விலையை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், யூனிட் 7 ரூபாய் வரும் இடத்தில் இரண்டும் சமம். அதற்குக் கீழே குக்கர் லாபம், மேலே காஸ் லாபம்.

உங்கள் பேரில் தனி மீட்டர் இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன் பிறகு 400 வரை யூனிட் 5 ரூபாய்க்குள்தான் வருகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். படப்பை போன்ற ஊர்களில் நிலைமை வேறு. ஒரே இணைப்பில் இருந்து பத்துப் பன்னிரண்டு அறைகளுக்கு சப்-மீட்டர் போட்டிருப்பார்கள். எல்லா அறையின் யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் அடுக்குக் கட்டணத்துக்குப் போகும். அதனால் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குவார். அந்த விலையில் பில் எகிறும் என்ற பேச்சு உண்மையாகிவிடுகிறது. ஆகவே குக்கரின் விலையை விசாரிக்கும் முன்னால் உங்கள் யூனிட்டின் விலையை விசாரியுங்கள். முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டை மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கி எரிக்கும் வெளிமாநிலத் தோழர்களுக்குக் கணக்கு இன்னும் வேறு. அதற்குச் சந்தை விலை. கிலோ கணக்கில் வீட்டு சிலிண்டரைவிடக் கூடுதலாக வருவதால், அவர்களுக்கு யூனிட் 7 ரூபாயைத் தாண்டினாலும் குக்கர் கட்டுப்படியாகும்.

"விசில் வராவிட்டால் வெந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?" என்று அம்மாக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மூன்று விசில், ஐந்து விசில் என்றே நாம் சமையல் பழகியிருக்கிறோம். ஆனால் விசில் ஒரு கடிகாரம் அல்ல. கூடுதல் ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும் சத்தம்தான் அது. தீயைக் கூட்டினால் விசில் சீக்கிரம் வரும், குறைத்தால் தாமதமாகும், பருப்பு வேகும் நேரம் அதற்கேற்ப மாறுவதில்லை. எலக்ட்ரிக் குக்கர் அழுத்தத்தை அளந்து தானே மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆவி உள்ளேயே நிற்கும். அதனால் தண்ணீர் அதிகம் வற்றாது, வழக்கமாக ஊற்றுவதில் அரை டம்ளர் குறைத்துப் பாருங்கள். அடுப்புக் குக்கரில் சூடு 120 டிகிரி வரை போகும் என்பதால், அதைவிட இதில் சில நிமிடம் கூடுதலாக வைக்க வேண்டும். '10 நிமிடம்' என்று வைத்தால் அழுத்தம் ஏறிய பிறகுதான் அந்தப் பத்து நிமிடம் தொடங்கும். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் அரை மணி நேரம். அடுப்பைவிட வேகமாக வேகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் லாபம்.

வெடித்துவிடும் என்ற பயத்துக்கு வருவோம். அடுப்புக் குக்கரைவிட இதில் அழுத்தம் குறைவு. மூடி சரியாகப் பூட்டாவிட்டால் சூடேறாது, அளவு மீறினால் மின்சாரம் தானே நின்றுவிடும். ஆனால் பூட்டு இருக்கிறது, இனி பயமே இல்லை என்று நினைப்பதும் அதே அளவு தவறு. 2025 மே மாதம் ஷார்க்நின்ஜா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 18 லட்சம் குக்கர்களைத் திரும்பப் பெற்றது. உள்ளே அழுத்தம் இருக்கும்போதே மூடியைத் திறக்க முடிந்ததுதான் குறை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தீக்காயம் ஏற்பட்டிருந்தது. அதனால் மூடியின் மேல் இருக்கும் அந்தச் சின்ன ஊசியைப் பார்க்கப் பழகுங்கள். அழுத்தம் ஏறியதும் அது மேலே எழும்பி நிற்கும். முழுதாக இறங்கிய பிறகுதான் கீழே விழும். விழாதவரை மூடியில் கை வைக்கக் கூடாது, ஷிஃப்டுக்கு எவ்வளவு நேரமாகியிருந்தாலும் சரி. ஊசியைச் சுற்றிக் காய்ந்து ஒட்டியிருக்கும் பருப்புப் பிசுக்கைக் கழுவும்போது தேய்த்து எடுங்கள். ஒட்டிக்கொண்ட ஊசி பொய் சொல்லும். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எதுவும் வேண்டாம், நுரைக்கும் பருப்புக்குப் பாதிதான்.

இதையொட்டி அளவு. பெரிதாக வாங்கினால் எதிர்காலத்துக்கு உதவும் என்பார்கள். 6 லிட்டரில் ஒருவருக்கான அரிசி அடியில் படர்ந்து பிடிக்கும். இரண்டு மூன்று பேருக்கு 3 லிட்டர், நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 5 அல்லது 6. உள்பாத்திரம் ஸ்டீலாக இருந்தால் நாள்பட உழைக்கும். பதினைந்து பட்டனுக்குக் கூடுதல் காசு தராதீர்கள், அவை பெரும்பாலும் நேரத்தை முன்கூட்டியே குறித்து வைத்தவைதான். ரப்பர் வளையம் ஒன்று உபரியாகச் சேர்த்து வாங்குங்கள். அடுப்புக் குக்கருக்கு எந்தப் பாத்திரக்கடையிலும் கிடைப்பதுபோல் இதற்குக் கிடைக்காது.

"காலையில் போட்டு வைத்தால் மாலையில் தானே சமைத்துவிடும்" என்று தாமதத் தொடக்க வசதியைப் புகழ்வார்கள். படப்பையின் மே மாத வெயிலில் தகரக் கூரை அறைக்குள் எட்டு மணி நேரம் ஊறிய பருப்பு சமைக்கும் முன்பே புளித்துவிடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தள்ளி வைக்காதீர்கள், கறி மீனை இப்படி வைக்கவே கூடாது. ராஜ்மாவை 'ஸ்லோ குக்' முறையில் வைப்பதும் ஆபத்து. அதில் இயல்பாகவே இருக்கும் நச்சு நன்றாகக் கொதித்தால்தான் அழியும். மிதமான சூட்டில் அழியாது, வாந்தி வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். பிரஷரில் வேக வைத்தால் பயமில்லை.

கடைசியாக, எல்லாரும் கண்டுகொள்ளாமல் விடும் பிளக். 1000 வாட்டுக்கு நாலரை ஆம்பியர் போதும், சாதாரண பிளக் பாயிண்டே தாங்கும். ஆனால் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வாட்டர் ஹீட்டர் ராடும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடினால் வயர் உருகும். வோல்டேஜ் 230இல் இருந்து 180க்கு இறங்கினால் 1000 வாட் குக்கருக்குக் கிடைப்பது 600 வாட்வாக்கில்தான். சாயங்காலம் சாதம் வேக நேரம் பிடித்தால் குக்கரைக் குறை சொல்லாதீர்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது எர்த். மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல அறைகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. உலோக உடம்பும் தண்ணீரும் சேர்ந்த ஒரு பொருளை அங்கே சொருகுவது உயிரோடு விளையாடுவது. எலக்ட்ரீஷியனை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லை என்றால் எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் அந்த அறைக்குக் குக்கர் வேண்டாம்.

அறைகளை வாடகைக்கு விடும் படப்பை, ஒரகடம் வட்டார வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமைக்கும் மூலையில் எர்த்தோடு ஒரு 16 ஆம்ப் பாயிண்ட், மெயினில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒன்று. அடுத்த குடித்தனக்காரர் வருவதற்கு முன்னால் இந்த இரண்டையும் போட்டுவிடுங்கள்.