மென்பொருள் தயாரிப்பில் பதிப்புக் கட்டுப்பாடும் தானியங்கிச் சோதனையும்



மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட் என்றாலே நாலு பேர், ஒரு பென் டிரைவ். அதற்குள் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஒரிஜினல் ஃபைனல்' என்று மூன்று ஃபோல்டர்கள். வைவாவுக்கு முதல் நாள் பார்த்து ப்ரோகிராம் தப்பான விடை கொடுக்கும். "நேத்து சரியாத்தானே இருந்துச்சு, யார்றா கை வச்சது?" என்று ஆரம்பிக்கும் சண்டையில் நட்பே முறிந்துவிடுவதும் உண்டு. கை வைத்த இடத்தைச் சண்டையில்லாமல் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றியதே இக்கட்டுரை.

வெர்ஷன் கன்ட்ரோல் எனப்படும் பதிப்புக் கட்டுப்பாடு புதியதல்ல. 1972-லேயே பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர் எஸ்.சி.சி.எஸ். என்ற மென்பொருளை எழுதினார். இன்று பரவலாக உள்ள 'கிட்', லினக்ஸ் வேலைக்காக 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. லேப்பில் நெட் இல்லாவிட்டாலும் கிட் வேலை செய்யும். ப்ரோகிராம் உள்ள ஃபோல்டரில் 'கிட் இனிட்' கொடுத்து, பிறகு ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் 'கிட் ஆட்', 'கிட் கமிட்' என்று பதிய வேண்டும். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது தானாகவே பதிவாகும். ஏன் மாற்றினோம் என்பதை மட்டும் நாமதான் எழுதணும். "சேஞ்ச் பண்ணியாச்சு" என்று எழுதினால் அது எதற்கும் உதவாது.

இனி சோதனை. ஹாஸ்டல் மெஸ் பில் போடும் பைதான் ப்ரோகிராம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிவைடிங் சிஸ்டம்: மொத்தச் செலவை மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுத்து, அவரவர் நாட்களால் பெருக்க வேண்டும். செலவு 100 ரூபாய், சம நாட்கள் சாப்பிட்ட மூன்று பேர் என்றால் தலைக்கு 33.33. கூட்டிப் பார்த்தால் 99.99! ஒரு பைசாதானே என்று விட்டுவிடலாமா? பில்லை முழு ரூபாயாக ரவுண்ட் செய்தால், 300 பேர் ஹாஸ்டலில் வித்தியாசம் 150 ரூபாய் வரை போகலாம். அது மெஸ் செகரட்டரி தலையில்தான் விடியும்.

ஆகவே, "எல்லார் பில்லும் கூட்டினால் மொத்தச் செலவு வர வேண்டும்" என்பதை ஒரு சோதனையாக எழுதி வைக்கிறோம். மாதம் முழுக்க லீவில் போனவருக்கு பில் பூஜ்யம் வர வேண்டும் என்பது இன்னொன்று. 'பைடெஸ்ட்' என்ற இலவச மென்பொருள் இவற்றை நொடியில் ஓட்டிக் காட்டும். (கணக்கைப் பைசாவாக, முழு எண்ணில் வைப்பதே நல்லது. பைதானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-க்குச் சமமா என்று கேட்டுப் பாருங்கள், இல்லை என்று சொல்லும்!)

சோதனையை ஞாபகம் வைத்து ஓட்டுவதென்றால் நடக்காது. 'ப்ரீ-கமிட்' என்ற ஹூக்கில் பைடெஸ்டைப் போட்டுவிட்டால், சோதனை தோற்றால் கமிட்டே ஆகாது. கிட் க்ளோன் செய்யும்போது ஹூக் கூட வராது. நாலு பேரும் தனித்தனியே போட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்கும் மீறி தப்பு நுழைந்தால் 'கிட் பைசெக்ட்' இருக்கிறது. சரியாக இருந்த பழைய கமிட் ஒன்றையும் தப்பான கமிட் ஒன்றையும் சொன்னால், நடுவில் உள்ளதை எடுத்துத் தரும். சோதித்துச் சொன்னால் மீண்டும் பாதியாகக் குறைக்கும். சந்தேகத்தில் 64 கமிட்கள் இருந்தால் 6 சோதனை, ஆயிரம் இருந்தாலும் சுமார் 10 தான். 'பைசெக்ட் ரன்' என்று பைடெஸ்டோடு சேர்த்துக் கொடுத்தால் கிட் தானே தேடிக்கொள்ளும். ஒன்று கவனிக்கணும்: இதற்காகப் புதிதாய் எழுதிய சோதனை பழைய கமிட்களில் இருக்காது. அதைத் தனி ஃபைலாக, கமிட் செய்யாமல் வைத்துக்கொண்டு தேடுங்கள்.