வழி தவறிய மகனும் வாசலில் நின்ற மகனும்

அந்தமான் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்தில் ஷாதிபூர் என்றொரு பகுதி உண்டு. 2024 வரை போர்ட் பிளேர் என வழங்கிய நகரம் இது. 'ஷாதி' என்றால் திருமணம். 1858-இல் ஆங்கிலேயர் இத்தீவில் கைதிகளின் குடியிருப்பை அமைத்தனர். பல்லாண்டுகள் நன்னடத்தையுடன் கழித்த கைதிகள் தனியே குடியிருந்து உழைத்துப் பிழைக்கவும், பெண் கைதிகளை மணந்துகொள்ளவும் அனுமதி பெற்றனர். அவ்வாறு மணம் புரிந்தோர் குடியேறிய இடமாதலால் இப்பெயர் வந்தது என்பர்.

இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டோருள் தேச விடுதலைக்காகப் போராடிய உத்தமர்களும் இருந்தனர். அவர்களைக் குற்றவாளிகள் வரிசையில் வைக்கலாகாது. ஆனால் கோபத்தாலோ பேராசையாலோ குற்றமிழைத்து வந்தவர்களும் பலர். கடல் கடந்தவனை அக்காலத்தில் ஊரும் உறவும் தலைமுழுகிவிடும். தண்டனை முடிந்த பின்னரும் தீவிலேயே தங்கிவிட்டவர்கள் அநேகர். சட்டம் ஒருவனது தண்டனையை முடித்து வைக்கலாம். ஆனால் அவனை மீண்டும் மகனாக ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. அது அன்பு ஒன்றினாலேயே ஆகக்கூடியது. இவ்வுண்மையை ஏசுநாதர் ஓர் உவமையால் விளக்கினார்.

தூர தேசத்திலிருந்து

லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் வருகிறது அக்கதை. இளைய மகன் தந்தை உயிரோடிருக்கும்போதே தன் பங்கைக் கேட்டுப் பெறுகிறான். தூர தேசம் சென்று அனைத்தையும் அழிக்கிறான். பஞ்சம் வருகிறது. யூதர்கள் தீட்டென்று ஒதுக்கும் பன்றிகளை மேய்த்துப் பசியால் வாடுகிறான். அப்போதுதான் அவனுக்குத் தன் நினைவு வருகிறது. வீடு திரும்பி, பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு, மகனாக இருக்கத் தகுதியற்ற தன்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ள வேண்டுவது எனத் தீர்மானிக்கிறான்.

மனந்திரும்புதலுக்கு நற்செய்தியின் மூலமொழியான கிரேக்கத்தில் வழங்கும் சொல் 'மெட்டநோயா'. மனமே மாறுதல் என்பது அதன் பொருள். செய்த தவற்றை எண்ணி அங்கேயே அமர்ந்து அழுதால் மட்டும் போதாது. எழுந்து வீட்டை நோக்கி நடக்க வேண்டும். மகன் நடந்தான்.

தந்தையோ ஓடினார். மகன் தொலைவில் வரும்போதே கண்டு, ஓடிச் சென்று கட்டித் தழுவினார். மகன் மன்னிப்புக் கேட்கும் முன்பே அவர் முத்தமிட்டுவிட்டார். கூலியாளாக வைத்துக்கொள்ளுமாறு அவன் கேட்க நினைத்தது வாய்க்குள்ளேயே நின்றது. உயர்ந்த ஆடையும் மோதிரமும் காலணியும் வந்தன. அடிமைகளுக்கு வெறுங்கால், மைந்தனுக்கே காலணி.

'அப்படியானால் செய்த வினைக்குப் பலன் இல்லையா?' என்று நாம் கேட்கலாம். உவமையைக் கூர்ந்து நோக்கினால் விடை கிடைக்கும். எஞ்சிய சொத்து முழுவதும் மூத்தவனுடையதே என்று தந்தை பின்னர் தெளிவாகச் சொல்கிறார். இளையவன் அழித்த பங்கு அழிந்ததுதான். வினை தன் பலனைத் தந்தது; ஆயினும் அதனால் தந்தை-மகன் உறவை அறுக்க இயலவில்லை. கர்ம நியதியும் இறையருளும் ஒரே இல்லத்தில் இவ்வாறு சேர்ந்து வாழ்கின்றன. மிகக் கொடியவனும் ஒருமைப்பட்ட மனத்துடன் பஜித்தால் அவனைச் சாதுவாகவே கருத வேண்டும் என்று கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணன் கூறுவதும் இதுவே.

வீடு தேடி வந்த அருள்

வங்க நாடகாசிரியர் கிரீஷ் சந்திர கோஷ் (1844–1912) மதுவுக்கு அடிமையானவர். ஒருமுறை போதையில் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரை நாகூசும் சொற்களால் ஏசினார். பக்தர்கள் கொதித்தனர், இனி அவர் முகத்தில் விழிக்கலாகாது என்றனர். பகவானோ வண்டியேறி கிரீஷின் வீட்டுக்கே சென்றார். அங்கே கிரீஷ் செய்ததை எண்ணிக் கதறிக்கொண்டிருந்தார். காலை மாலை இறைவனை நினைப்பதாகக்கூட உறுதியளிக்க இயலாத அவரிடம், பொறுப்பு முழுவதையும் தம்மிடமே ஒப்படைத்துவிடுமாறு பகவான் பின்னொரு சமயம் கூறினார். எளிதென்று ஏற்ற கிரீஷ், 'நான்' என்று சொல்லிக்கொள்ளத் தமக்கு உரிமையில்லை என்பதைப் படிப்படியாக உணர்ந்தார். கண்டிப்பால் ஆகாத மாற்றத்தை அன்பு நிகழ்த்திற்று.

வாசலில் நிற்பவன்

உவமை இங்கே முடியவில்லை. வயலிலிருந்து வந்த மூத்த மகன் விருந்தின் ஓசை கேட்டுச் சினந்து, வாசலிலேயே நின்றுவிடுகிறான். இத்தனை ஆண்டுகள் அடிமைபோல் உழைத்ததாகவும், நண்பர்களுடன் மகிழ ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்றும் முறையிடுகிறான். தம்பியைத் தம்பி என்று சொல்லாமல் 'உம்முடைய மகன்' என்கிறான். அவனைத் தேடியும் தந்தையே வெளியே வருகிறார். 'உன் தம்பி' என்று உறவை நினைவூட்டி அழைக்கிறார்.

இளையவன் தூர தேசத்தில் தொலைந்தான். மூத்தவன் வீட்டு வாசலிலேயே தொலைந்தான். பாவிகளுடன் ஏசுநாதர் உணவருந்துவதைக் கண்டு முணுமுணுத்த நெறியாளர்களுக்குச் சொல்லப்பட்ட உவமை இது. ஆகவே, நாள் தவறாமல் ஜபமும் பூஜையும் செய்யும் சாதகர்கள் இதில் தங்கள் முகத்தைத் தேட வேண்டிய இடம் மூத்தவனிடமே. சாதனையைக் கூலி வேலையாக எண்ணுபவன் கணக்குப் பார்க்கிறான். சிறையிலிருந்து மீண்டவர், குடியை விட்டவர், குடும்பத்தைப் பிரிந்து சென்று திரும்பியவர் நம் சத்சங்கத்தில் வந்தமரும்போது நம் மனம் சற்றே விலகி அமர்கிறதா? அவ்வாறாயின் விருந்து உள்ளே நடக்க, நாம் வெளியே நிற்கிறோம்.

மூத்தவன் உள்ளே சென்றானா? ஏசுநாதர் சொல்லாமலே விட்டுவிட்டார். அவ்விடையை ஒவ்வொருவரும் தம் வாழ்வில் எழுத வேண்டும். ஷாதிபூரில் குடும்பம் அமைத்தோரை அவர்கள் பிறந்த ஊர் மறந்திருக்கலாம். ஆனால் யாரையும் மறவாத தந்தை ஒருவர் இருக்கிறார். அவர் தழுவியவரை நாமும் தழுவுவதே அவரது இல்லத்தினுள் நுழையும் வழி.