பிடிஎஃப் திறந்ததும் மூடிக்கொள்கிறதா?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கான கணித ஆய்வேட்டை லேடெக்கில் தட்டச்சு செய்பவருக்கு வரக்கூடிய தலைவலி இது: பிடிஎஃப் படிக்கும் செயலியான எவின்ஸில் ஆய்வேட்டின் பிடிஎஃப்பைத் திறந்ததுமே செயலி மூடிக்கொள்ளும்.

பிடிஎஃப்பைக் குறை சொல்வதற்குமுன் அதே ஃபோல்டரைப் பாருங்கள். ஆய்வேட்டின் பெயரோடு ‘சிங்க்டெக்’ என்ற சொல்லும் சேர்ந்த துணைக் கோப்பு ஒன்று இருக்கலாம். லேடெக் மூலக் கோப்பின் எந்த வரி எந்தப் பக்கத்தில் விழுகிறது என்ற கணக்கு அதில் உள்ளது. இது 2008 முதல் டெக் லைவ் என்ற லேடெக் தொகுப்புடன் வரும் வசதி. கரண்ட் போய் அது பாதியில் நின்றிருந்தால், படிக்கும் செயலி தடுக்கி விழலாம்.

பிடிஎஃப்பை மட்டும் வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால், குற்றவாளி துணைக் கோப்புதான். அதைத் தயங்காமல் அழித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தால் புதிதாக உருவாகும். ஆய்வேட்டில் ஓர் எழுத்தும் குறையாது. திறக்காவிட்டால் பிடிஎஃப்பையோ செயலியையோ சந்தேகிக்கலாம்.

செயலியையும் அப்டேட் செய்துவிடுங்கள். பிரிண்ட் கடைக்குத் துணைக் கோப்பு தேவையில்லை; பென்டிரைவில் பிடிஎஃப் மட்டும் போனால் போதும்.