கடிபட்ட இலை என்ன செய்யும்?

முழுக் கடுகில் இல்லாத காரம், அதை அரைத்ததும் மூக்கில் ஏறுவது ஏன்? உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகே எனக்கு இது விளங்கியது. கடுகுக் குடும்பத் தாவரங்களில் காரத்துக்கான மூலப்பொருளும் அதனை உடைக்கும் நொதியமும் தனித்தனியே இருக்கின்றன. கலம் நசுங்கினால் இரண்டும் கலந்து காரம் பிறக்கும். நமக்கு அது ருசி. இலை கடிக்கும் பல பூச்சிகளுக்கோ நஞ்சு.

அதே குடும்பத்துச் சிறு செடி அராபிடொப்சிஸ். மயிர்க்கொட்டி இலையை மெல்லும் அதிர்வைப் பதிவு செய்து, புழுவே இல்லாமல் அந்த அதிர்வை மட்டும் இச்செடிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2014 இல் அதன் முடிவு வெளியானது. பின்னர் உண்மையான புழுக்களை விட்டபோது, அதிர்வை முன்பே உணர்ந்த செடிகளில் காரத்தின் மூலப்பொருள் மற்றவற்றைவிடக் கூடுதலாக இருந்தது. காற்றின் அதிர்வுக்கோ செடி அப்படி ஆயத்தமாகவில்லை. சுப்ஹானல்லாஹ்! (செடி "கேட்கிறது" என்று சிலர் எழுதுகிறார்கள். காதில்லாத ஒன்றுக்கு "உணர்கிறது" என்பதே பொருத்தம்.)

கடித்த இடத்திலிருந்து செய்தி போகும் வழியை 2018 இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. காயத்தில் குளூட்டமேற்று கசிகிறது. அதைத் தொடர்ந்து கல்சியம் அலையொன்று நரம்புகள் வழியே ஓடி, ஓரிரு நிமிடங்களில் தொலைவிலுள்ள இலைகளை அடைகிறது. குளூட்டமேற்று நம் மூளையிலும் தூது செல்லும் பொருள்தான். அதனால் செடிக்கும் வலிக்குமா? மூளையற்ற உயிரின் செயலை வலி என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனாலும் கடிபடாத இலையில் ஜஸ்மோனிக் அமிலம் உருவாகி எதிர்ப்பு தொடங்கும்போது, புழு இன்னும் முதல் இலையைத்தான் தின்றுகொண்டிருக்கும்.