குழந்தையின் முதல் சட்டை

பீகார் மாநிலத்தில் முசாபர்பூர் என்று ஒரு மாவட்டம் உண்டு. லிச்சிப் பழத்திற்குப் பெயர் பெற்ற மாவட்டம் அது. ஜனவரி மாதத்தில் அங்கே குளிர் கடுமையாக இருக்கும். பல நாட்கள் காலையில் பனிமூட்டம் விலகவே நேரமாகும்.

அந்த மாவட்டத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மகன் பஞ்சாபில், லூதியானா நகரத்தில் வேலை செய்தான். மருமகளுக்கு எட்டாம் மாதம். ஜனவரியில் குழந்தை பிறக்கும் என்று செவிலியர் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் மாமியார் தன் பழைய பருத்திச் சேலையை எடுத்தார். அதை வெந்நீரில் துவைத்தார். நல்ல வெயிலில் காயப் போட்டார்.

"துல்ஹின், ஊசியும் நூலும் கொண்டு வா. குழந்தைக்குச் சட்டை தைக்கலாம்" என்றார். அந்தப் பக்கத்தில் மருமகளைத் துல்ஹின் என்று அழைப்பது வழக்கம்.

மருமகளின் முகம் வாடியது.

"பழைய சேலையிலா, அம்மாஜி? என் பிள்ளை கந்தலையா உடுத்த வேண்டும்? அவர் லூதியானாவிலிருந்து புதுச் சட்டை அனுப்புவார். அது போதும்" என்றாள்.

மாமியார் கோபப்படவில்லை. சேலையின் முனையை மருமகளின் கன்னத்தில் வைத்தார். பிறகு, கடையில் வாங்கிய ஒரு புதுத் துணியை வைத்தார்.

"எது மெத்தென்று இருக்கிறது?"

"சேலைதான்" என்றாள் மருமகள்.

"இது கந்தல் இல்லை. பல வருடம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி. பச்சைக் குழந்தையின் தோல் இதைத்தான் தாங்கும்" என்றார் மாமியார்.

சுஜனி

மாமியார் சொன்னது புதிய செய்தி இல்லை. பீகார் பெண்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அவர்கள் இரண்டு மூன்றாக அடுக்குவார்கள். அதன்மேல் நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுவார்கள். பிறந்த குழந்தையை அந்த விரிப்பில் சுற்றுவார்கள். இதற்குச் சுஜனி என்று பெயர்.

வீட்டுக்காகத் தைத்த சுஜனி பிறகு ஒரு கைத்தொழிலாக வளர்ந்தது. 2006-ஆம் ஆண்டு பீகாரின் சுஜனித் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025-ஆம் ஆண்டு, முசாபர்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த நிர்மலா தேவிக்குச் சுஜனிக் கலைக்காகப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வங்காளத்திலும் இதைப் போன்ற தையல் உண்டு. அங்கே அதைக் காந்தா என்பார்கள்.

சாணும் அங்குலமும்

மாமியார் துணியை விரித்தார். கையை நீட்டி அளந்தார். "சட்டையின் நீளம் ஒரு சாண், நான்கு விரல்" என்றார்.

மருமகள் எழுத்தறிவு மையத்தில் படித்து வந்தாள். எண்களைப் படிக்க அவளுக்குத் தெரியும். இஞ்சு டேப்பை எடுத்து அதே நீளத்தை அளந்தாள். சரியாக 12 அங்குலம் இருந்தது.

"உங்கள் கையும் டேப்பும் ஒன்றையே சொல்கின்றன!" என்று வியந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஆர்வம் வந்தது. நோட்டை எடுத்து ஒவ்வொரு அளவையும் எழுதினாள்.

ஜப்லா தைக்கும் முறை

மாமியார் சொல்லச் சொல்ல மருமகள் எழுதிய முறை இது.

1. 24 அங்குல நீளமும் 16 அங்குல அகலமும் உள்ள பருத்தித் துணியை எடுக்கவும். கிழிந்த இடத்தையும் இழை நைந்த இடத்தையும் விட்டுவிடவும்.

2. 24 அங்குலம் 12 ஆகும்படி மடிக்கவும். பிறகு 16 அங்குலம் 8 ஆகும்படி மடிக்கவும். முதல் மடிப்பு மேலே இருக்கட்டும். அது தோள். இரண்டாம் மடிப்பு இடது பக்கம் இருக்கட்டும். அது சட்டையின் நடு.

3. வலது ஓரத்தில், மேலிருந்து 4 அங்குலம் கீழே குறி வைக்கவும். அங்கிருந்து உள்ளே 3 அங்குலம் கோடு போடவும். அந்தக் கோட்டின் முனையிலிருந்து நேராகக் கீழே இன்னொரு கோடு போடவும். கோடுகளுக்கு வெளியே உள்ள துண்டை வெட்டி எடுக்கவும். மேலே நீண்டிருப்பது கை. கீழே இருப்பது உடம்பு. அக்குள் மூலையைச் சற்று வளைவாக வெட்டவும்.

4. மேலே, இடது மூலையில் கழுத்து வரும். ஒன்றரை அங்குல அகலம், அரை அங்குல ஆழம் வளைவாக வெட்டவும். பிறகு துணியை விரிக்கவும். முன்பக்கக் கழுத்தை மட்டும் 2 அங்குல ஆழமாக்கவும்.

5. முன்பக்கத்தை நடுவில் மேலிருந்து கீழ்வரை வெட்டவும். முன்னால் திறக்கும் சட்டையைக் குழந்தைக்குப் போடுவது எளிது. தலைவழியாக மாட்ட வேண்டியதில்லை.

6. கையின் ஓரத்திலிருந்து அக்குள் வழியாகச் சட்டையின் அடிவரை கெட்டித் தையல் போடவும். ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தைக்கவும். மற்றப் பக்கத்திலும் இப்படியே செய்யவும்.

7. கழுத்து, முன் திறப்பு, கை, அடி ஆகிய ஓரங்களைச் சிறிதாக மடித்துத் தைக்கவும்.

8. அதே துணியில் 5 அங்குல நீளமுள்ள நான்கு நாடாக்கள் செய்யவும். மார்பில் ஒரு ஜோடி, வயிற்றில் ஒரு ஜோடி தைக்கவும். கழுத்தில் நாடா வேண்டாம். அது குழந்தையின் கழுத்தை இறுக்கக்கூடும். பட்டனும் பின்னும் வேண்டாம். பட்டன் பிய்ந்தால் வாய்க்குள் போகும். பின் குத்தும்.

மாமியார் இரண்டு ஊசிகளை எடுத்திருந்தார். தைத்து முடித்ததும் இரண்டையும் எண்ணிப் பெட்டியில் வைத்தார். "எடுத்த ஊசி திரும்ப வந்ததா என்று பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது. குழந்தை படுக்கும் இடம் இது" என்றார்.

மருமகள் சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "அம்மாஜி, தையல் எல்லாம் வெளியே தெரிகிறதே! மடிப்பும் வெளியே இருக்கிறது. பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா?"

"சிரித்தால் சிரிக்கட்டும். மடிப்பு உள்ளே இருந்தால் குழந்தையை உறுத்தும். அதனால் வழவழப்பான பக்கம் குழந்தைக்கு. தையல் பக்கம் ஊருக்கு" என்றார் மாமியார்.

ஆறாம் நாள்

ஜனவரியில் பெண் குழந்தை பிறந்தது. ஆறாம் நாள் வீட்டில் சட்டீ விழா நடந்தது. உறவினர்கள் வந்தார்கள். லூதியானாவிலிருந்து புதுச் சட்டையும் வந்திருந்தது. பளபளக்கும் துணி. கழுத்தில் ஜரிகை.

மருமகள் ஆசையோடு அதைக் குழந்தைக்குப் போட்டாள். எல்லோரும் அழகு என்றார்கள். சற்று நேரத்தில் குழந்தை அழத் தொடங்கியது. பால் கொடுத்தும் அழுகை நிற்கவில்லை.

மருமகள் சட்டையைக் கழற்றினாள். குழந்தையின் கழுத்தைச் சுற்றிச் சிவந்த கோடு தெரிந்தது. குழந்தையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுகை அடங்கியதும் ஜப்லாவைப் போட்டாள். தலையில் பருத்திக் குல்லா வைத்தாள். சுஜனியால் உடம்பைச் சுற்றினாள். முகத்தை மூடவில்லை. குழந்தை தூங்கிவிட்டது.

மாமியார் ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை.

அன்று இரவு கணவன் தொலைபேசியில் பேசினான். "சட்டை பிடித்ததா?" என்று கேட்டான்.

"அழகான சட்டை. பிள்ளை வளர்ந்த பிறகு அதுபோலப் போடலாம். அடுத்த முறை ஜரிகை இல்லாத, மெல்லிய பருத்தித் துணியாக ஒரு மீட்டர் அனுப்புங்கள். நான் தைக்கிறேன்" என்றாள் அவள்.

அம்மாஜியின் அளவு

மூன்று மாதத்தில் ஜப்லா சிறிதாகிவிட்டது. மருமகள் லூதியானாத் துணியை முதலில் துவைத்துக் காய வைத்தாள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். துவைத்தால் அது போகும். துணி சுருங்குவதாக இருந்தால் வெட்டும் முன்பே சுருங்கிவிடும்.

பிறகு நோட்டைத் திறந்தாள். நீளத்தில் 2 அங்குலம் கூட்டினாள். அகலத்திலும் 2 அங்குலம் கூட்டினாள். தானே வெட்டினாள். தானே தைத்தாள். குழந்தை பக்கத்தில் படுத்துக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கைக்குத்தானே இந்தச் சட்டை என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. வேலை சுமையாகத் தெரியவில்லை.

மாமியாருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மருமகள்தான் கோத்துக் கொடுத்தாள்.

"அன்று ஏதோ எழுதினாயே, என்ன எழுதினாய்? படி" என்றார் மாமியார்.

மருமகள் விரலை வைத்து நிதானமாகப் படித்தாள்.

"சட்டையின் நீளம் ஒரு சாண், நான்கு விரல். அதாவது 12 அங்குலம். இது அம்மாஜியின் அளவு."

மாமியார் நோட்டைக் கையில் வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசிப் பாருங்கள்

1. ஜப்லாவின் தையலை வெளிப்பக்கம் வைத்தது ஏன்?
2. கழுத்தில் நாடா வைத்தால் என்ன ஆபத்து?
3. உங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கு முதலில் எந்தத் துணியைப் போடுவார்கள்?

செய்து பாருங்கள்

உங்கள் கைச் சாணை டேப்பால் அளந்து எழுதுங்கள். வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரிடம் அவருக்குத் தெரிந்த கைவேலை ஒன்றைக் கேளுங்கள். அதன் அளவையும் முறையையும் நோட்டில் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள்.