மூச்சு சொல்லும் சாட்சி

சாலையில் காவலர் வாகனத்தை நிறுத்தி, சிறு கருவியொன்றை நீட்டி, ஓட்டி வந்தவரை ஊதச் சொல்வதை நாம் கண்டிருக்கிறோம். அந்தக் கருவி என்ன செய்கிறது? அதன் பின் சட்டம் என்ன செய்கிறது? மாணவியராகிய நாமும் இவற்றை அறிந்திருத்தல் நலம்.

குடித்த மது வயிறு, சிறுகுடல் வழியே இரத்தத்தில் கலக்கிறது. இரத்தம் நுரையீரலை அடையும்போது, எளிதில் ஆவியாகும் மதுவின் சிறு பங்கு மூச்சோடு வெளியேறுகிறது. 2,100 மில்லிலிட்டர் மூச்சிலுள்ள மது, ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் இரத்தத்திலுள்ள மதுவுக்குச் சமம். 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் அமைத்த கருவியில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் இருந்தது. மது பட்டால் அதன் மஞ்சள் நிறம் மங்கும். மங்கிய அளவே மதுவின் அளவு. இன்றைய கருவிகள் பலவற்றில் மதுவினால் எழும் மின்னோட்டமே அளவைக் காட்டுகிறது. ஏலக்காய் மென்று வாய் நாற்றத்தை மறைக்கலாம். நுரையீரலிலிருந்து வரும் மூச்சை மறைக்க இயலாது.

நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருப்பின் வாகனம் ஓட்டுவது குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதன்முறை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தண்டிக்கப்பட்டவர் 6 மாதமேனும் வாகனம் ஓட்டும் தகுதியை இழப்பார். ஊத மறுத்தாலும் தப்ப வழியில்லை. குடித்திருப்பதாகச் சந்தேகிக்கத் தக்க காரணமிருந்தால் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். காவல் நிலையத்தில் மருத்துவர் இரத்தம் எடுப்பார். ஆண் மருத்துவர் ஒரு பெண்ணிடம் இரத்தம் எடுக்கையில், வேறொரு பெண் உடனிருக்க வேண்டும் என்றும் சட்டம் காக்கிறது.

இக்குற்றத்திற்கு உடந்தையாவோருக்கும் அதே தண்டனை என்கிறது 188-ஆம் பிரிவு. திருச்சபையின் மறைக்கல்வி நூலும், குடிபோதையில் வண்டியோட்டிப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதை, கொலையைத் தடுக்கும் ஐந்தாம் கட்டளையின் கீழ் வைத்தே கண்டிக்கிறது.

எனவே, குடித்தவர் நம் தந்தையாயினும் தமையனாயினும், சாவியை எடுத்துக் கொடுக்க வேண்டாம். அஞ்சி அவர் பின்னால் ஏறி அமரவும் வேண்டாம். "அப்பா, பேருந்தில் போவோம்" என்று அன்போடு சொல்வோம். நம் பேச்சு எடுபடாவிடில் அம்மாவையோ, பெரியவர் ஒருவரையோ அழைப்போம். அன்பு தடுக்கும் இடத்தில் கருவிக்கு வேலையில்லை.